டாக்டரிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டை நாலு தடவை படித்துவிட்டேன். இதயத்தில் லேசான பிறவிக் கோளாறுதான், கவலைப்படாதே என்று எழுதியிருந்தாய். அந்த 'லேசான'வை நம்பி நீ சும்மா இருந்துவிடுவாயோ என்பதுதான் என் கவலை.

உன் வலது கரோனரி தமனி, அதாவது இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய், உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியின் இடப்பக்கத்திலிருந்து மாறிக் கிளம்பி, அந்த மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் புகுந்து போகிறது. அதன் வாய் வட்டமாக இல்லாமல் கீறல் மாதிரி இருக்கிறதாம். படித்ததும் எனக்குச் சட்டைக்கு எடுக்கும் காஜாதான் நினைவுக்கு வந்தது. துணி தளர்வாகக் கிடந்தால் காஜா கொஞ்சம் திறந்திருக்கும். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். நீ ஓடும்போது மகாதமனி விரிந்து அந்த வாயையும் அப்படித்தான் இழுக்கும். இதயம் அதிக ரத்தம் கேட்கிற நேரமும் அதுதான். படுக்க வைத்து எடுத்த ஈசிஜி நன்றாக வந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு டாக்டரிடம் விவரமாகக் கேட்டேன். இடது தமனி இப்படி மாறிக் கிளம்பியிருந்தால், தொந்தரவே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஆபரேஷன் செய்யச் சொல்வார்களாம். வலது என்றால் அவசரம் இல்லை. அறிகுறியும் இல்லை, இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எடுக்கும் ஸ்கேனிலும் ரத்த ஓட்டம் குறையவில்லை என்றால், அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு அப்படியே விட்டுவிடலாம். ஆனால் ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ கதையே வேறு. அப்போது அந்த வாயைத் திறந்து அகலமாக்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

போன மாதம் போனில் என்ன சொன்னாய்? பந்து விளையாடும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, கீழே உட்கார்ந்துவிட்டேன், வெயில்தான் காரணம் என்றாய். ரிப்போர்ட்டின் மேலே 'அறிகுறிகள் எதுவும் இல்லை' என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் நீ டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. உனக்குச் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதே அந்த ஒரு வரியில்தானப்பா இருக்கிறது.

நாளைக்கே போய்ச் சொல். எவ்வளவு நேரம் ஓடிய பிறகு வந்தது, நெஞ்சு இறுக்கியதா, நினைவு தப்பியதா, எல்லாவற்றையும் சொல். அவர் சரி என்று சொல்லும்வரை பந்தைத் தொடாதே, மெதுவாக நட, போதும். மறுபடி அப்படி வந்தால் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அப்புறம் என்னை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் போன் பண்ணு. காத்திருக்கிறேன்.

அம்மா