செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இயங்கும் நம் மால்ட் விஸ்கி சுவை வட்டத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. ஜனவரிக் கூட்டம் மட்டும் பனியால் தள்ளிப்போனது. எல்லாவற்றையும் விவரித்தால் விடிந்துவிடும். அதிகம் வாக்குவாதம் நடந்த, ஆர்ட்மோர் ஆலையின் லெகசி என்ற விஸ்கியைச் சுவைத்த கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆர்ட்மோர் நமக்கு அக்கம்பக்கம்தான். இன்வர்னஸ் போகும் ரயில் பாதையை ஒட்டி, கென்னத்மாண்ட் ஊரில் இருக்கிறது. ஆடம் டீச்சர் 1898இல் தொடங்கிய ஆலை. சொந்த ஊரில் பார்த்துப் பழகிய டீச்சர்ஸ் விஸ்கி பாட்டிலின் புகை வாசம் இங்கிருந்து போவதுதான் என்றதும் பலருக்கு ஆச்சரியம். ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட் வட்டார ஆலைகளில் பெரும்பாலானவை முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, புகை படாமல் உலர்த்த, இவர்கள் பீட் (சதுப்பு நிலத்து மக்கிய மண்) எரிக்கும் புகையைக் கைவிடவில்லை. 2000களின் தொடக்கம் வரை வாலைகளுக்கு (சாராயம் வடிக்கும் கலன்களுக்கு) அடியில் நிலக்கரிதான் எரிந்தது.

லெகசி 2014இல் வந்தது. 80 சதவீதம் புகை ஏறிய மால்ட், மீதி புகையில்லாதது. ஆல்கஹால் 40 சதவீதம். பாட்டிலில் வயது போடவில்லை. ஸ்காட்ச் என்றால் ஓக் பீப்பாயில் 3 ஆண்டாவது கிடந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேல் எவ்வளவு என்று தெரியாது. "வயதைச் சொல்லாத சரக்குக்கு வட்டத்துப் பணமா?" என்று பொருளாளர் கேட்டார். சரி, குடித்துப் பார்த்துப் பேசுவோம் என்று பாட்டிலை உறையால் மூடி ஊற்றினோம். நிறத்தை வைத்து வயது சொல்லக் கிளம்பியவர்களை அங்கேயே நிறுத்தினேன். ஸ்காட்சில் கேரமல் நிறமி சேர்க்க அனுமதி உண்டு.

முகர்ந்ததும் வந்தது வெனிலாவும் தேனும். புகை உடனே வரவில்லை, கிளாஸைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்த பிறகே எழுந்தது. விறகடுப்பில் காய்ச்சிய பால் போல என்றார் மூத்த உறுப்பினரான அக்கா ஒருவர். அதற்கு மேல் யாரும் பொருத்தமாகச் சொல்லவில்லை. நாக்கில் முதலில் இனிப்பு, பின்னால் மிளகுக் காரம், கடைசியில் உலர்ந்த கரி வாசம். இளசு என்பதை மறைக்க முடியாது: மூக்கில் ஒரு சுருக், பச்சைத் தானிய வாடை, சீக்கிரம் மறையும் பின்சுவை. தண்ணீர் விட்டவர்களுக்கு எல்லாமே நீர்த்துப்போனது. 40 சதவீதச் சரக்கில் ஏற்கெனவே போதிய தண்ணீர் இருக்கிறது.

புகை தூக்கலான விஸ்கிக்குப் பெயர்போன ஐலா தீவின் ரசிகர்கள் "இதெல்லாம் ஒரு புகையா?" என்றார்கள். அந்தத் தீவின் லாஃப்ராய்க் ஆலை மால்ட்டில் ஃபீனால் (புகை வாசம் தரும் சத்து) சுமார் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), ஆர்ட்மோரில் 12 முதல் 14. ஆனால் அது மால்ட்டில் அளப்பது. புகைச் சத்து வாலையில் பிற்பகுதியில்தான் அதிகம் இறங்கும். வடிவதைச் சேகரிப்பதை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே கிளாஸுக்கு வருகிறது. அப்புறம், பீப்பாயில் ஆண்டுகள் ஏற ஏற புகை மங்கும். மெல்லிய புகை மால்ட்டை இளசாகவே பாட்டிலில் அடைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. பொருளாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வரவு செலவை அவரே வாசிப்பார். 2024 செப்டம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தில் மதுவின் குறைந்தபட்ச விலை யூனிட்டுக்கு (10 மி.லி. தூய ஆல்கஹால்) 65 பென்ஸ் ஆனதால் சந்தா உயருமா என்று கேட்கிறார்கள். 40 சதவீத, 700 மி.லி. பாட்டிலுக்கு அது 18 பவுண்டு 20 பென்ஸ்தான். நாம் வாங்குபவை முன்பே அதைத் தாண்டியவை. சந்தா உயராது.

இங்கிலாந்திலிருந்து மாறி வந்த உறுப்பினர்கள் கவனிக்கவும்: வண்டி ஓட்டுவோருக்கு இங்கே வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி. ஆல்கஹால், அங்கே போல 80 அல்ல. காரில் வருபவருக்கு ஊற்றுவதில்லை. அவர் பங்கைச் சிறு புட்டியில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம்.

ஆர்ட்மோர் ஆலையே புகையில்லாமல் வடிக்கும் சரக்குக்கு ஆர்ட்லேர் என்று பெயர். அதில் ஒரு பாட்டில் வாங்கி, லெகசியோடு பக்கத்தில் வைத்துச் சுவைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்