‘குறைந்தால்’ எப்படி ‘குறைந்துவிட்டது’ ஆனது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். காங்கயம் பக்கம் கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் மூன்றரை ஏக்கர் பண்ணையம் பார்க்கிறேன். போன ஜனவரியில் அணையிலிருந்து தண்ணீர் திறந்தது எங்கள் மதகுக்கான முறை. கடலை போட்டிருந்தோம்.

புஞ்சைப் பாசனத்துக்குத் தண்ணீர் தொடர்ந்து வராது. ஐந்து நனைப்பாகப் பிரித்து, சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி, மறுபடி விடுவார்கள். நிறுத்தமும் கணக்கில் சேர்ந்ததுதான். மூன்றாம் நனைப்பு முடியும் சமயம் பாசன சபைக் கூட்டத்துக்கு வந்த அதிகாரி, “அணைக்கு வரத்து குறைந்தால் இந்த முறை நிறுத்தம் நாலு நாள் கூடலாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை டீக்கடையில் அது “வரத்து கொறஞ்சு போச்சாம், நாலு நாள் தள்ளிப் போகுதாம்” என்று இருந்தது. மறுநாள் பால் சொசைட்டியில் “அடுத்த நனைப்பே சந்தேகமாம்.” இரண்டு கொப்பு வாய்க்கால் தாண்டியதும் “தண்ணி அவ்வளவுதான், நிறுத்திட்டாங்க.” வாட்ஸ்அப் குரல் பதிவு ஒன்றில், நம் தண்ணீரை அத்திக்கடவு திட்டத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. அந்தத் திட்டம் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகும் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோவது. எங்கள் வாய்க்கால் அதற்கு மேலே உள்ள பவானிசாகர் அணையிலேயே பிரிந்துவிடுகிறது. இதை எடுத்துச் சொன்னபோது கேட்க ஆளில்லை.

அப்புறம் ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்தேன். யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. முதலில் தொலைந்தது ‘குறைந்தால்’ என்பதில் இருந்த ‘ஆல்’. அடுத்தது ‘ஆம்’. ‘போகுதாம்’ என்று சொல்பவர், நான் பார்க்கவில்லை, கேட்டதைத்தான் சொல்கிறேன் என்று அந்த ஒரு அசையிலேயே ஒப்புக்கொள்கிறார். அதுவும் உதிர்ந்த பிறகு, கேள்விப்பட்டது கண்ணால் கண்டது மாதிரி ஆகிவிடுகிறது. விட்டுப்போன இடத்தை அவரவர் பயம் நிரப்பியது. ‘அவ்வளவுதான்’ என்று முதலில் சொன்னவர், 2017 வறட்சியில் தென்னை முழுவதையும் காயக் கொடுத்தவர். அவருக்கு ‘நாலு நாள்’ அப்படித்தானே கேட்கும்?

நாலு நாள் கூடலாம் என்றார் அதிகாரி, இரண்டு நாள்தான் கூடியது. தண்ணீர் வந்தது. ஆனால் அதற்குள் எங்கள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன், விழுது இறங்கிக்கொண்டிருந்த ஒன்றரை ஏக்கர் கடலையில் மாட்டை விட்டுவிட்டார். காய்வதற்கு முன் தீவனமாகவாவது ஆகட்டும் என்று நினைத்திருக்கிறார். டீக்கடையில் அந்தப் பேச்சைக் கேட்டபோதே “அப்படிச் சொல்லலைங்க” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன். அந்தக் கடலைக் காட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

அதே வாரத்தில் இன்னொரு சண்டையும் நடந்தது. “அணையில பாதி இருக்குது, ஏன் நிறுத்தணும்?” என்று. அணையின் முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). மட்டம் 52 அடி இருந்தால் தண்ணீரும் பாதி இருக்கும் என்று நினைக்கிறோம். அணைப்பள்ளம் அடியில் குறுகலாகவும் மேலே போகப்போக விரிந்தும் இருப்பதால், 52 அடியில் பாதிக்கு வெகு குறைவாகத்தான் நிற்கும். செய்தியில் அடிக்கணக்கு மட்டும் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்?

இப்போது எங்கள் மதகுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். கூட்டத்தில் சொன்னதைத் தேதி போட்டு, ‘ஆல்’ விடாமல், அப்படியே எழுதுகிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நீர்மட்டம் போடும் கட்டத்தில் அடியோடு இருப்பையும் டி.எம்.சி.யில் போடுங்கள். திறப்புக் காலத்தில், எந்தத் தேதியில் நிறுத்தம், எந்தத் தேதியில் அடுத்த நனைப்பு என்ற ஒரு வரியையும் சேருங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிப் பலகையில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கீழ்பவானிப் பாசன விவசாயி,
காங்கயம் வட்டம்