ஷெரீப் தேர்தலையும் கொஞ்சம் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கக் காவல்துறை பற்றி வந்த கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) காவல் தலைவரான ஷெரீப்பை ‘நம்மூர் போலீஸ் கமிஷனர் மாதிரி’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார் கட்டுரையாளர். கமிஷனரை அரசு நியமிக்கிறது, வேண்டாமென்றால் மறுநாளே மாற்றிவிடும். ஷெரீப்பை, பெரும்பாலான மாநிலங்களில், மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். (சென்னையிலும் 1998 வரை ஷெரீப் என்று ஒருவர் இருந்தார். அது அதிகாரம் ஏதுமில்லாத கௌரவப் பதவி. அந்த நினைப்பில் இதைப் பார்க்கக் கூடாது.)

நான் இருக்கும் குபர்டினோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் தலைமையகம் இருக்கிற ஊர், ஆனால் சொந்தப் போலீஸ் கிடையாது. சாண்டா கிளாரா கவுண்டி ஷெரீப் அலுவலகத்துக்குப் பணம் கட்டி, ஒப்பந்தத்தில்தான் காவல் நடக்கிறது. பக்கத்து சாரடோகாவும் அப்படியே. வீட்டில் திருட்டு என்று 911-ஐ அழைத்தால், காக்கிச் சட்டையும் பச்சை பேன்ட்டுமாக வந்து நிற்கும் டெபுட்டிதான், அதாவது ஷெரீப்பின் கீழ் வேலை செய்யும் அதிகாரிதான், எங்களுக்குப் போலீஸ்.

ரோந்து கண்ணில் படுகிற வேலை. கோர்ட் பாதுகாப்பும் இவர்களுடையதே. வாடகை வழக்கில் தீர்ப்பு வந்த பிறகும் வீட்டுக்காரர் தானாகப் போய்ப் பூட்டை மாற்ற முடியாது. டெபுட்டி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டுவார், ஐந்து நாள் கெடு. அப்புறம் திரும்பி வந்து, உள்ளே இருப்பவர்களை வெளியேற்றி வீட்டை ஒப்படைப்பார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய பொறுப்பு சிறை. மில்பிட்டஸ் கிரேட் மாலுக்கு வார இறுதியில் போகாத தமிழர் இங்கே குறைவு. அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது எல்ம்வுட் சிறை, நடத்துவது ஷெரீப். கவுண்டி சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். 2015-ல் சான் ஹோசே மெயின் ஜெயிலில் மனநலம் பாதிக்கப்பட்ட கைதி ஒருவர் இறந்தார். கொலை வழக்கில் கைதானவர்கள் மூன்று டெபுட்டிகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் சந்தேக மரணத்தை விசாரிக்கும் கொரோனரும் ஷெரீப்பே. டெபுட்டியின் பிடியில் ஒருவர் செத்தால், அது எப்படி நேர்ந்தது என்று முடிவு சொல்வதும் அதே அலுவலகம்! ஸ்டாக்டன் இருக்கிற சான் வாக்கீன் கவுண்டியில், பிரேதப் பரிசோதனை முடிவுகளில் ஷெரீப் தலையிடுகிறார் என்று குற்றம் சாட்டி 2017-ல் இரண்டு மருத்துவர்கள் வேலையை விட்டார்கள். ஷெரீப் அதை மறுத்தார். ஆனாலும் மறு ஆண்டே கவுண்டி அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து பிரித்தது. எங்கள் கவுண்டியில் நல்ல வேளையாக அதற்கு முன்பே பிரித்துவிட்டார்கள்.

அதற்காக எங்கள் கவுண்டி ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 1998-ல் தேர்வாகி, தேர்தல் மூலம் கலிஃபோர்னியாவில் ஷெரீப் ஆன முதல் பெண் என்ற பெயரெடுத்த லாரி ஸ்மித், துப்பாக்கி உரிமங்களை ஆதரவாளர்களுக்குச் சலுகையாக வழங்கினார் என்ற வழக்கில் சிக்கினார். 2022 அக்டோபர் கடைசியில் பதவி விலகினார், சில நாளில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அத்தனை ஆண்டுகளும் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான்.

வேண்டாத ஷெரீப்பை நடுவில் இறக்குவதும் லேசில்லை. சான் மட்டேயோ கவுண்டியில் 2025 மார்ச்சில் மக்கள் தனி வாக்கெடுப்பு நடத்தி கவுண்டியை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்கள் போர்டுக்கு அந்த அதிகாரத்தைத் தந்த பிறகுதான், அக்டோபரில் ஷெரீப்பை நீக்க முடிந்தது.

கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களுக்கு ஓட்டு இல்லை, சரி. குடியுரிமை வாங்கியவர்களே ஜனாதிபதி பெயரைக் குறித்துவிட்டு, கீழே ஷெரீப் வரிசையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2022-ல் வந்த சட்டப்படி இங்கே ஷெரீப் தேர்தல் ஜனாதிபதி தேர்தல் ஆண்டுக்கு மாறியிருக்கிறது, அடுத்தது 2028-ல். நீங்கள் தேர்தல் சிறப்பிதழ் போட்டால் தயவுசெய்து மார்ச்சுக்கு முன்பே போடுங்கள். மார்ச்சில் நடக்கும் முதல்கட்டத் தேர்தலிலேயே ஒருவர் பாதிக்கு மேல் வாங்கிவிட்டால், நவம்பர் வாக்குச்சீட்டில் அந்த வரிசையே இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குபர்டினோ, கலிஃபோர்னியா