உடல் பருமனை நோய் என்று எழுதுங்கள்: காப்பீட்டு விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் காப்பீட்டு விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் அக்காவின் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்கு, அதாவது எடையைக் குறைக்க இரைப்பையில் செய்யும் அறுவைக்கு, காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்டிருந்தோம். போன வாரம் பதில் வந்தது. "தோற்றத்தை மேம்படுத்தும் சிகிச்சைகளுக்குக் காப்பீடு பொருந்தாது." அவ்வளவுதான், ஒரே வரி.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால், முகத்தில் கருவியை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது. இதில் தோற்றம் எங்கே வந்தது?

அந்தச் சர்க்கரையால் மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் கொடுக்கிறீர்கள். மூட்டு மாற்றினால் கொடுக்கிறீர்கள். நாளைக்கே இதயத்தில் ஸ்டென்ட் வைத்தாலும் கொடுப்பீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பதற்குச் சிகிச்சை என்றால் மட்டும் கையை விரிக்கிறீர்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான். உறுப்புகளைக் கெடுக்கத் தொடங்கிவிட்ட உடல் பருமனை நோய் என்று உங்கள் விதிகளில் எழுதுங்கள்.

இது புதிதாகக் கிளம்பிய கோரிக்கை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் உடல் பருமனுக்குத் தனிக் குறியீடே இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013-லேயே இதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

வாயைக் கட்டினால் போதும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கொழுப்புத் திசுவில் சுரந்து, பசியை அடக்கும்படி மூளைக்குச் சேதி சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994-இல் கண்டறியப்பட்டது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் லெப்டின் இறங்குகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது. ஓராண்டு கழிந்த பிறகும் இந்த மாற்றம் அப்படியே நீடித்ததை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க உடம்பே முட்டி மோதுகிறது. அக்கா குறைக்காத எடையா? குறைத்ததெல்லாம் திரும்பி வந்தது. அதை மன உறுதி இல்லாதவள் என்று அவர் தலையில் கட்டுவது எந்த நியாயம்?

மருத்துவமனையில் நடப்பதையும் கேளுங்கள். ரத்த அழுத்தம் பார்க்க, கையில் பட்டையைச் சுற்றுவார்கள். சரியாக எட்டாது. இழுத்து ஒட்டிக் காற்றடித்தால் பர்ரென்று பிய்த்துக்கொண்டு வரும். காத்திருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் செவிலியர் அதன் விளிம்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓர் எண்ணை எழுதுவார். கைக்குச் சிறிய பட்டை, அழுத்தத்தை இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். இது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த எண்ணை வைத்தே மாத்திரையைக் கூட்டுகிறார்கள். பெரிய அளவுப் பட்டை ஒன்றை வாங்கி வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. காது வலி என்று போனாலும் "முதலில் எடையைக் குறையுங்கள்" என்கிறார்கள். எப்படிக் குறைப்பது என்று கேட்டால், குறைப்பதற்கான சிகிச்சைக்குப் பணம் இல்லை என்கிறீர்கள் நீங்கள்.

பருமனாக இருக்கும் எல்லோரையும் நோயாளி ஆக்கிவிட முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கு அந்த முத்திரை வேண்டாம். அதற்கும் வழி சொல்லியாகிவிட்டது. லான்செட் மருத்துவ இதழ்க் குழுமம் அமைத்த நிபுணர் குழு 2025 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. எண்ணை மட்டும் நம்பாதீர்கள், உறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா, அன்றாட வேலைகள் முடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள், அப்படி இருந்தால் அது நோய் என்கிறது அந்த அறிக்கை. அந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. உறுப்பு கெட்டவருக்குக் கொடுங்கள் என்கிறோம்.

மரியாதையோடுதான் கேட்கிறேன். உடல் பருமனை நோய் என்று எழுதுங்கள். அதன் சிகிச்சையை அழகு சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். விதியைத் திருத்த நாளாகும் என்றால், அதுவரை ஒன்று செய்யலாம். இப்படி வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒரு மருத்துவர் படித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்றும், நிராகரித்தால் அதற்கான மருத்துவக் காரணத்தை அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் நிறுவனங்களுக்கு உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட ஒருவரின் தங்கை