ரத்தம் எடுத்த அக்காவுக்கு

நேற்று மாலை ரிப்போர்ட் வந்துவிட்டது. மாத்திரை முடிந்து 12 வாரம் ஆகிறது, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இல்லை. கூடவே இருந்த ஹெபடைட்டிஸ் பி-யும் அடங்கிக் கிடக்கிறது. மாத்திரையின் எட்டாவது வாரம் பி தலைதூக்கி நான் பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி எழுதக் கை வரவில்லை.

லேப் அக்கா, உங்களுக்கு என்னை நினைவிருக்காது. மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய வாரம் வந்தேன். இரண்டு இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது இடம் தேடுமுன் சீட்டை இன்னொரு முறை வாசித்தீர்கள். "பி-க்கு எச்பிஎஸ்ஏஜி மட்டும்தான் போட்டிருக்கு. கோர் ஆன்டிபாடி போடலையே? நாளைக்கு அது வேணும்னா திரும்பவும் குத்தணும். இருங்க, கேட்டுட்டு வர்றேன்." (எச்பிஎஸ்ஏஜி, பி இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. கோர் ஆன்டிபாடி, பி என்றைக்காவது தொற்றியிருந்ததா என்று காட்டுவது.) கையில் கட்டிய பட்டையைத் தளர்த்திவிட்டு மாடியேறிப் போய்விட்டீர்கள். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நானும்தான், மனசுக்குள். மன்னித்துவிடுங்கள்.

எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்று வந்தது. அதோடு விட்டிருந்தால் எனக்கு பி இல்லையென்றே நம்பியிருப்போம். கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ். பிறகு டிஎன்ஏ பார்த்தால், துளியளவு வைரஸ். ஈரல் செல்லுக்குள் எத்தனை வருஷம் பதுங்கியிருந்ததோ! சி இருக்கும்வரை பி-யைத் தலைதூக்க விடாதாம். மாத்திரை சி-யை விரட்டியதும் பி எழுந்துகொள்ளலாம். எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ஆனவர்களுக்கு அது அபூர்வம்தான் என்றார் டாக்டர். ஆனாலும் இந்த மாத்திரைகளின் மேல் கடும் எச்சரிக்கை போடவேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-லேயே சொல்லிவிட்டதாம். அபூர்வம் என் பங்குக்கு வந்தது. இடையிடையே ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி சோதனை பார்த்துக்கொண்டிருந்ததால்தான் அது எகிறியது உடனே தெரிந்தது, பி-யை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் தாமதமில்லாமல் தொடங்கியது.

அக்கா, அன்றைக்கு என் உயிரைப் பற்றி நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். இந்தக் கைக்கு இன்னொரு குத்து வேண்டாமே என்றுதான் படியேறினீர்கள். அதை நினைத்தால்தான் எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது.

கீழிருந்து ஒருவர் வந்து கேட்டதற்கு முகம் சுளிக்காமல் சீட்டைத் திருத்திக் கொடுத்த டாக்டர், வேளை தவறாமல் மாத்திரையை ஞாபகப்படுத்திய அலுவலகத் தோழிகள், பேச்சில்லாமல் போய்ப் பரிசோதித்து பி தடுப்பூசியும் போட்டுக்கொண்ட என் வீட்டார், வேண்டுமென்றே என் தம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடித்த நண்பன் (அதனால் பரவாது என்று அவனுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவேண்டியிருந்தது) எல்லோருக்கும் நன்றி.

பி என்னை விட்டுப் போய்விடவில்லை. 'கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்று எழுதிய தாள் இப்போது பர்ஸில் இருக்கிறது. நாளைக்கு எந்த நோய்க்காகவாவது கீமோவோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ தர வந்தால், அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவேன், அவற்றாலும் பி எழுந்துகொள்ளலாம். ரத்ததானத்துக்கு இனி போகமாட்டேன்.

அடுத்த மாதம் பரிசோதனைக்கு வருகிறேன் அக்கா. இடது கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே பாருங்கள். நரம்பு அங்கேதான் இருக்கிறது என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள்.