டிரிப் ஷீட்டில் ஒரு வரி

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட லாரி உரிமையாளர்களுக்கு வணக்கம்.

19 வருடமாக வெளிமாநில லோடு ஓட்டுகிறேன். போன ஆகஸ்ட் 14 ராத்திரி ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் போய் நின்றேன். "நாளைக்கு லீவுண்ணே, அதுக்கு மறுநாள்தான் இறக்குவாங்க" என்றார் செக்யூரிட்டி. உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு அது சம்பளத்தோடு விடுமுறை. நான் வண்டிக்கு அடியில் தார்ப்பாயை விரித்துப் படுத்துக் கிடந்தேன். உரிமையாளரின் லாரி செட்டுக்கு வந்து கணக்கு முடித்தபோது அந்த நாளுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வண்டி ஓடவில்லையாம்.

அந்தப் பயணத்தின் கணக்கை எழுதும் தாளை, டிரிப் ஷீட்டை, திரும்பத் திரும்பப் பார்த்தேன். டீசல், டோல், பஞ்சர், ஏற்றுக்கூலி, படி என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கிறது. விடுமுறைச் சம்பளத்துக்கு இல்லை. பண்டிகை அன்று ஓட்டினால் வழக்கமான படிதான். நின்றால் அதுவும் கிடையாது.

1958-ல் நம் மாநிலம் போட்ட தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தொழில் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு வருடத்துக்கு 9 நாள் தருகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு 5 பண்டிகை நாள். அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளமும் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறையும். அந்தத் தொழிற்சாலையின் சரக்கைச் சுமந்து போகிறவனுக்கும் அதே 9 நாளைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

டீசல் விலை, டோல், வண்டித் தவணை என்று உங்கள் கஷ்டமும் தெரியும். ஆனால் லோடு இறக்காமல் நிற்கும் நாளுக்குச் சரக்குக்காரரிடம் ஹால்டிங் என்று காத்திருப்புக் கட்டணம் வாங்குகிறீர்கள் அல்லவா? அந்த நாளில் வண்டியைக் காவல் காப்பது நாங்கள்தான். ஆயுத பூஜைக்கு நீங்கள் தரும் ஸ்வீட்டையும் துணியையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம். அது உங்கள் அன்பு. நான் கேட்பது சம்பளம்.

முதலில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு நாள் சம்பளம் இவ்வளவு என்று எழுத்தில் போடுங்கள். டிரிப்புக்கு இவ்வளவு என்றே இருப்பதால்தான் விடுமுறைக்குக் கணக்கே பிடிபடுவதில்லை. அப்புறம், அடுத்த முறை டிரிப் ஷீட் அச்சடிக்கும்போது படிக்குக் கீழே "விடுமுறைச் சம்பளம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநர்,
காவேரிப்பட்டணம்.