லேத் பட்டறைகளுக்கும் ஆயுதச் சட்டம் தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் 22 ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்துகிறேன். போன மாதம் ஒரு பையன் செல்போனில் வரைபடம் ஒன்றைக் காட்டி, "அண்ணே, இந்தக் கைப் பிரஸ்ஸும் டையும் கடைஞ்சு தருவீங்களா?" என்று கேட்டான். பார்த்தால் சாதாரண வேலை. எதற்கு என்று விசாரித்தேன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் வெடிமருந்து அடைக்கும் கருவியாம்!

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுகிறவர்கள் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் வந்திருக்கிறான். கெட்ட பையனாகத் தெரியவில்லை, மெஷின் மேல் ஆசை. சரி, நம் நாட்டு நிலைமை வேறு அல்லவா? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டா தயாரிக்கும் இயந்திரத்தையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் தயாரித்தால் 5-ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம். மருந்தின் அளவு பிசகினால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும் என்பது தனி ஆபத்து.

முடியாது என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் மூலக்கொத்தளம், கொருக்குப்பேட்டை பக்கமெல்லாம் வரைபடத்தைக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் கடைந்து தரும் சின்னப் பட்டறைகள் நிறைய. அவர்களுக்கு இந்தச் சட்டம் யாரும் சொன்னதில்லை. காவல் துறையும் தொழில் துறையும் சேர்ந்து தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை அச்சிட்டு, பட்டறை பட்டறையாகக் கொடுக்க வேண்டுகிறேன்.

– பட்டறைத் தொழிலாளி, வியாசர்பாடி, சென்னை